பெயர் வரும்வரை

“இன்னும் இல்லை மாமா, வாக்கை ரெண்டாந்தரம் எண்ணீனம்,” என்று டினேஸ் கட்டிலில் கிடந்த மாமனாரின் காதுக்குள் கத்தினான். மறுபக்கத்தில் நின்று அவருடைய உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்த பெர்னடெட்டுக்குப் புருசன்மேல் எரிச்சல் உச்சிக்கு ஏறியது. சாகக் கிடக்கிற மனுசனுக்குச் சொல்லுகிற கதையா இது?

ஆனால் கேட்டது அவளுடைய அப்பா சவிரிமுத்துத்தான். மத்தியானம் தேர்தல் ஊரடங்கு எடுபட்ட கையோடு பாதர் வந்து அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டுப் போனார். இளவாலைச் சனம் திரண்டு வந்து செபமாலை சொல்லி, காதில் “சேசு மரி சூசை”யும் ஓதியாயிற்று. மனுசன் போகிறபாடாய் இல்லை. கால் குளிர்ந்துவிட்டது, கண் மட்டும் வானொலிப் பக்கம். “ஆர் வந்தது?” பத்து நிமிசத்துக்கு ஒருதரம் இதே கேள்விதான்.

அவரொன்றும் அரசியல்காரர் அல்லர். முப்பது வருசம் கீரிமலை பஸ் ஓட்டியவர், வாக்குப் போட்டதோடு சரி. ஆனால் அவர் வீட்டு இரவுச் செபத்தின் கடைசியில் நாட்டுத் தலைவருக்காக ஒரு மன்றாட்டு உண்டு, அதுவும் பெயர் சொல்லி. ஆள் மாறினால் அன்றிரவே பெயரும் மாறும். வேதத்தில் சொல்லியிருக்கு என்பார். ஆராவது நியாயம் கேட்டால், “சாரதி குடிகாரனெண்டாலும் பஸ்ஸிலை இருக்கிறவன் அவனுக்காகத்தானே மன்றாட வேணும்? அவன் பிழைச்சால் ஆர் சாகிறது?” என்று வாயை அடைத்துவிடுவார்.

அந்த மன்றாட்டுக்குப் பெர்னடெட் கடைசியாக ஆமென் சொல்லிப் பதினைந்து வருசம். யுத்தம் முடிந்த கிழமை, ‘விசாரிச்சுப்போட்டு விடுவினம்’ என்று சொன்னதை நம்பி, சவிரிமுத்து தன் கையாலேயே மகன் ஜெரிசனை இராணுவத்திடம் ஒப்படைத்தார். போனவன் போனவன்தான். அன்றிரவு அகதி முகாமில், தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே செபம் சொன்னபோதும் மனுசன் தலைவரின் பெயரைச் சொன்னார். குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னார். பெர்னடெட் தம்பியை நினைத்துக்கொண்டு எழும்பி வெளியே போனாள். பிறகு ஒவ்வொரு இரவும் அந்த இடம் வந்தால் எழும்பிவிடுவாள். அவர் மறித்ததில்லை. அவளும் அவரை மன்னிக்கவில்லை, அதுதான் உண்மை.

அடுத்த வீட்டு உதயகலா கைத்தொலைபேசியும் கையுமாக ஓடிவந்தாள். “அக்கா, இன்னும் கொஞ்சத்திலை அறிவிப்பினமாம்.”

டினேஸ் கலண்டரின் பின்பக்கத்தில் மாவட்டம் மாவட்டமாக எழுதி வைத்திருந்தான். “ஒருத்தருக்கும் பாதிக்கு மேலை இல்லை. அதுதான் ரெண்டாவது விருப்பத்தையும் எண்ணீனம். இந்த நாட்டிலை இது முதல்தரம் மாமா,” என்றான். டினேசுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. முற்றத்தில் பந்தல் போடத் தறப்பாள் கொண்டுவந்தவர்கள் அதை அப்படியே போட்டுவிட்டு, யன்னலடியில் நின்று ஆளுக்கொரு பெயர் சொல்லி வாதாடினார்கள். சாவுக்கு வந்தோம் என்பதையே சனம் மறந்துபோயிற்று.

ஆர் வந்தாலென்ன என்று இருந்த பெர்னடெட்டுக்கும், இப்போது ஏதோ ஒரு பெயர் வந்தே ஆகவேண்டும் என்ற அந்தரம். அப்பாவின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. பெயருக்கு முந்தி மூச்சுப் போய்விட்டால்?

“பிள்ளை,” என்றார் சவிரிமுத்து. “எனக்குக் குரல் காணாது. மன்றாட்டை நீ சொல்லு.”

“இவரைச் சொல்லச் சொல்லுறன் அப்பா.”

“அவன் செபத்திலை நித்திரை கொள்ளுறவன்.”

டினேஸ் அந்த நேரத்திலும் சிரித்துவிட்டான். சவிரிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். “ஏலாதெண்டால் விடு பிள்ளை.”

ஏச்சென்றால் தாங்கியிருப்பாள். இப்படிச் சொன்னது அவளுக்குப் பொறுக்கவில்லை.

வானொலியில் இசை நின்றது. பெயரை வாசித்தார்கள். முற்றம் அதிர்ந்தது, சந்தியில் ஆரோ வெடி கொளுத்தினார்கள். உதயகலா அறைக்குள் பாய்ந்து வந்து பெயரைச் சொன்னாள். எந்தப் பெயர் என்பது நமக்கு வேண்டாம். சவிரிமுத்து எல்லாப் பெயரையும் சொன்னவர்.

பெர்னடெட் கட்டிலடியில் முழந்தாளிட்டாள். பெயரை முதலில் மெல்லச் சொன்னாள். திரும்பவும் உரத்துச் சொன்னாள்.

“ஆண்டவரே, எங்கடை நாட்டை ஆளப்போற இவருக்கு நல்ல புத்தியைத் தாரும். நீதியாய் நடக்கப் பண்ணும்.”

அப்பா அவ்வளவோடு முடிப்பார். அவள் முடிக்கவில்லை.

“எங்கடை ஜெரிசன் எங்கையெண்டு சொல்லுமட்டும் இவருக்கு நித்திரையைக் குடாதேயும். படுத்தாலும் எழுப்பும். நான் ஒவ்வொரு இரவும் பேர் சொல்லிக் கேப்பன். நீரும் அவரிட்டைக் கேளும்.”

“உதென்ன செபம்?” என்று கதவடியில் நின்ற மனுசி ஒருத்தி முணுமுணுத்தாள். டினேஸ் தலையைக் குனிந்துகொண்டான். பெர்னடெட்டுக்குப் பயம் பிடித்தது. இவ்வளவு காலம் அவர் காத்துவந்த செபத்தைக் கடைசி நேரத்தில் கெடுத்துவிட்டேனோ என்று அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

சவிரிமுத்து கண்ணைத் திறந்தார். மகளைத்தான் பார்த்தார்.

“ஆமென்,” என்றார், கதவடியில் நின்றவளுக்கும் கேட்கும்படி.

பிறகு இரண்டு மூச்சு வந்தது. மூன்றாவது வரவில்லை.

டினேஸ் போய் வானொலியை நிற்பாட்டினான். கோயில் மணி அடிக்கச் சொல்ல ஒருவர் சைக்கிளில் போனார். உதயகலா பழைய வேட்டியில் வெள்ளைத் துணி கிழித்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

“நாடியைக் கட்டுங்கோ அக்கா. வாய் திறந்திருக்கு. பிந்தினால் இறுகிப்போம்.”

“ஓம், கட்டுறன்,” என்றாள் பெர்னடெட். துணியை வாங்கிக் கையில் சுற்றியபடி, இன்னும் கொஞ்சநேரம் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.