அறுபத்து மூன்றாவது ஓட்டை

பைலட்டுகள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. தோளில் நாலு பட்டை ஏறியதும் தலையில் கொம்பு முளைத்துவிட்டதாக நினைப்பு. விமானத்தின் வயிற்றுக்குள் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கேட்டால் விட்டத்தைப் பார்ப்பார்கள். பதினோரு வருடமாக அவர்களுக்கு எழுத்துத் தேர்வு வைப்பது என் வேலை. நூறு கேள்வி, எண்பது மார்க் எடுத்தால் பாஸ். மூன்று தடவை பெயிலானால் வேலை போய்விடும்.

அவர்கள் படிக்கிற லட்சணம் எனக்கு நன்றாகத் தெரியும். கேள்விகளை நான் மாற்றுவதில்லை என்பதால், விடைகளை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக் கைமாற்றிக்கொள்வார்கள். பத்துக்கு அ, பதினொன்றுக்கு ஈ. பத்தாவது கேள்வி என்ன என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். இவர்களை நம்பித்தான் இருநூறு பேர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

திருத்துவதற்கு நானே செய்த அட்டை ஒன்று உண்டு. சரியான விடை இருக்கும் இடங்களில் மட்டும் நூறு ஓட்டை. விடைத்தாள் மேல் வைத்து, ஓட்டை வழியே தெரியும் கறுப்புக் கட்டங்களை எண்ணினால் மார்க். ஒரு தாளுக்கு ஒரு நிமிடம். அட்டைக்கு மாமன் மச்சான் தெரியாது என்று பெருமையடித்துக்கொள்வேன். இந்தத் தடவை என் மாப்பிள்ளையே கேப்டன் பதவிக்காக எழுதியிருந்தார். சரியாக எண்பது. மகள் அன்றைக்கே சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

அதே விடைத்தாள் கட்டில் ஒரு கோ-பைலட் பெண் எழுபத்தொன்பது. அவளுக்கு மூன்றாவது தடவை. போன தடவையும் இதே எழுபத்தொன்பதுதான்.

மூன்றாவது தடவை தோற்றவர்களை நேரில் கூப்பிட்டு, ஒவ்வொரு தப்புக்கும் விமானக் கையேட்டில் பக்கத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. கூப்பிட்டேன். ஜன்னல் இல்லாத என் அறையில், கால் ஆடும் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தாள். அழுது தொலைப்பாள் என்று தண்ணீர் பாட்டில்கூட எடுத்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை. அறுபத்து மூன்றைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, மற்ற இருபது தப்பையும் ஒத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டாள். அறுபத்து மூன்று வந்ததும் பேனாவை மூடி வைத்தாள்.

நடு எரிபொருள் டேங்க்கின் பம்பை எப்போது அணைக்க வேண்டும் என்பது கேள்வி. டேங்க் காலியாகி எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் என்பது என் விடை, அதாவது இ. காலியாவதற்கு முன்பே, கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே என்று அவள் ஆ-வைக் கறுப்பாக்கியிருந்தாள்.

"தண்ணி இல்லாம மோட்டார் ஓடினா சூடாகி எரிஞ்சிடும்னு வீட்ல மோட்டார் போடற எல்லாருக்கும் தெரியும் சார். இது தண்ணித் தொட்டி இல்ல, எரிபொருள். வெடிச்சிடும்."

வியாக்கியானம் வேறா என்று எரிச்சலாக வந்தது. மூக்கை உடைத்து அனுப்பலாம் என்றுதான் கையேட்டைத் திறந்தேன். அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், கறுப்புக் கோடு இருந்தது. மாறிய வரிகளுக்குப் போடும் கோடு. கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே அணைக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது. பக்கத்தின் அடியில் தேதி: இரண்டு வருடத்துக்கு முந்தையது.

பழைய பக்கத்தை எடுத்துவிட்டுப் புதிய பக்கத்தைக் கோத்தவர் யார் என்று கையேட்டின் முதல் தாளில் பட்டியல் இருக்கும். அதில் என் கையெழுத்து இருந்தது. அன்றைக்கு வந்தவை நாற்பது பக்கம். வளையத்தைத் திறந்தேன், மாற்றினேன், மூடினேன், கையெழுத்துப் போட்டேன். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

"போன தடவையே ஆட்சேபம் எழுதிக் குடுத்தேன் சார்," என்றாள்.

கொடுத்திருந்தாள். 'விடை சரியானதே' என்று அதன்மேல் எழுதித் திருப்பி அனுப்பினேன். அதையும் படிக்கவில்லை.

"இ-ன்னு போட்டுட்டுப் போயிடுன்னு எல்லாரும் சொன்னாங்க. தெரிஞ்சே தப்பா போடக் கை வரல."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் முன்னாலேயே அந்த ஓட்டையை டேப் ஒட்டி மூடி, பிளேடால் ஆ-வில் புது ஓட்டை போட்டேன். எண்பது. போன தடவையே அவள் பாஸ் என்பதையும் வாய்விட்டுச் சொன்னேன். அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

அவள் போனதும் மாப்பிள்ளையின் தாளை எடுத்து அட்டையை வைத்தேன். எழுபத்தொன்பது.

இரண்டு விடையும் செல்லும் என்று ஒரு வரி எழுதினால் போதும். பாம்பும் சாகாது, தடியும் உடையாது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். பழைய கையேட்டை வைத்துப் படித்திருப்பார், பாவம், என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எதற்கும் கேட்டுவிடலாம் என்று போன் போட்டேன். நடு டேங்க் பம்பை எப்போது அணைப்பீர்கள் என்றேன்.

"கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே மாமா. ரெண்டு வருஷமா அப்படித்தானே?"

"அப்ப தேர்வுல ஏன் இ-ன்னு போட்டீங்க?"

மாப்பிள்ளை சிரித்தார். "பிளைட்டுக்கு அது மாமா. உங்க அட்டைக்கு இது."

நான் எழுபத்தொன்பது என்று எழுதினேன். இரண்டு வருடத்துத் தாள்களையும் அலமாரியிலிருந்து இறக்கிப் பார்த்ததில், விஷயம் தெரிந்த பாவத்துக்காக நான் பெயிலாக்கியவர்கள் இன்னும் நான்கு பேர் அகப்பட்டார்கள். எல்லாவற்றையும் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, வெளியாளை வைத்துப் புதுக் கேள்வித்தாள் தயாரிக்கச் சொன்னார். அதை, மறுபடி எழுதும் பைலட்டுகளோடு நானும் எழுத வேண்டும் என்றார்.

திங்கட்கிழமை தேர்வு அறையில் மாப்பிள்ளையும் நானும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தோம். மகள் என்னோடு பேசுவதை நிறுத்தி ஐந்து நாளாகியிருந்தது.  ஏழாவது கேள்வியிலேயே விட்டத்தைப் பார்த்தேன்.

மாப்பிள்ளை எண்பத்து நான்கு எடுத்து கேப்டனாகிவிட்டார். நான் எழுபத்தொன்று.

எனக்கு இன்னும் இரண்டு தடவை பாக்கி இருக்கிறது.