பஞ்சுருட்டான் வாயில் இருந்தது

காலையில் காபி குடித்ததும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு டான்யூப் ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிடுவேன். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். அங்கே செங்குத்தான மண்மேட்டில் துளை போட்டு, கோடைதோறும் பஞ்சுருட்டான் பறவைகள் குடித்தனம் நடத்தும். மஞ்சள் கழுத்து, நீல வயிறு, அரக்கு நிறத் தலை. கடவுள் கையில் இருந்த சாயத்தையெல்லாம் அதன் மேலேயே கொட்டிவிட்டார்.

என் கணவன் ராடிவோய்க்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அவன் தேனீ வளர்க்கிறவன். இந்த வருஷம் பெட்டிகளில் தேனீ குறைந்துவிட்டது, இவைதான் பிடித்துத் தின்கின்றன என்று பழி. ஊர்த் தேன்காரர்கள் எல்லாம் கூடி, மண்வெட்டியோடு போய்த் துளைகளை அடைத்துவிடலாம் என்று பேசினார்கள். சட்டப்படி குற்றம்தான், ஆனால் கரையில் யார் காவல் நிற்கிறார்கள்? அவை தின்பது தட்டானும் குளவியும்தான் என்று நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அப்படியானால் ஒரு வாரம் படமெடுத்துக் காட்டு, அலகில் தேனீ இருந்தால் துளைகளை மூடுவோம் என்றான் ராடிவோய். அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருக்கும் ரிஸ்டாவும் அதற்குச் சம்மதித்தான்.

ஒரு வாரம் முள்புதருக்குள் குந்தியிருந்து எடுத்தேன். தட்டான் இருந்தது, குளவி இருந்தது. தேனீயும் இருந்தது, நிறையவே. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தேனீப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தேன். வெட்கமாகவே இல்லை.

ஒரு படத்தில் மட்டும் விரல் நின்றுவிட்டது. சிறகு விரித்த தாய்ப்பறவை துளை வாசலில் தொற்றி நிற்கிறது. அலகில் தேனீ, அதன் கால்கூடத் தெரிகிறது. உள்ளிருந்து ஒரு சின்ன வாய் திறந்தபடி நீள்கிறது. குளிரிலும் கொசுக்கடியிலும் இத்தனை வருஷம் நான் காத்துக்கிடந்தது இதற்குத்தான். நூலகத்தில் அடுத்த மாதம் புகைப்படக் கண்காட்சி வேறு. அழிக்க மனசு வரவில்லை.

அதற்குள் ராடிவோய் பின்னால் வந்து நின்றான். மறைக்கப் பார்த்தேன், பிடுங்கிக்கொண்டான்.

"இது நம்ம ஈ."

"ஆமா."

"இதுமாதிரி எத்தன அழிச்ச?"

"எண்ணல."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "உள்ளேர்ந்து என்னமோ நீட்டுதே?"

"குஞ்சு. ஜூலைல பின்ன முட்டையாவா இருக்கும்? நீங்க மண்ணப் போட்டு மூடப்போறது இதத்தான்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். துளை, துளை என்றே இத்தனை நாளும் பேசியிருந்தான். கோபமா வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை.

"இத யாருக்கும் காட்டாத, தெசங்கா."

"கண்காட்சிக்கு அனுப்பலாம்னு இருந்தேன்."

"அனுப்பு. அன்னைக்கே ரிஸ்டா மண்வெட்டியத் தூக்கிடுவான்."

ஞாயிற்றுக்கிழமை ரிஸ்டா வந்தான். தேனில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் கலந்தறியாத என் கணவன், தட்டான் படங்களையும் குளவிப் படங்களையும் வரிசையாகக் காட்டினான். வாய் கூசாமல் பொய் சொன்னான். ரிஸ்டா ஒரு மடக்கு ராக்கியா பழச்சாராயத்தைக் குடித்துவிட்டு நம்பிப் போனான்.

கண்காட்சிக்கு ஒரு கொக்குப் படத்தை அனுப்பினேன். பிரமாதம் என்றார்கள், எனக்கு எரிச்சலாக வந்தது. என் வாழ்நாளிலேயே நல்ல படத்தைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் தேனீயைப் பறிகொடுத்தவன்.