குளிப்பாட்டாத பாரம்

ஆம்பூரில் பிளேக் வந்த வருஷம் குளிப்பாட்டாத பிணத்தை யாராலும் தூக்க முடியவில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த பட்டம்மாளின் மகள் செத்தபோதுதான் இது முதலில் தெரிய வந்தது. பிளேக்கில் செத்தவரை வீட்டார் தொடக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது, சர்க்கார் வண்டியில் ஏற்றிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்று அந்த மாதம்தான் சட்டம் வந்திருந்தது. வண்டியோடு வந்த ஆட்கள் அந்த ஒல்லிப் பெண்ணைத் தூக்கப் பார்த்தார்கள். பாய் கிழிந்தது, பெண் அசையவில்லை. கம்பு கொடுத்து நெம்பியபோது கம்பு முறிந்தது. மழை ஈரத்தில் கம்பு உளுத்திருந்ததாகச் சுகாதார இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போனார்.

கேள்விப்பட்டு சுகரா பேகம் வந்தாள். ஏழைகளை அடக்கம் செய்யத் தோல் மண்டிக்காரர்கள் நடத்திய அஞ்சுமன் சங்கத்தில், இறந்த பெண்களைக் குளிப்பாட்டுகிறவள் அவள்; கூலி வாங்குவதில்லை. வாசலில் நின்ற போலீஸ்காரனிடம், "வூட்டாளுங்க தொடக்கூடாதுன்னுதானே சட்டம்? நான் இந்த வூட்டாள் இல்லியே" என்றாள். அவன் யோசித்து முடிப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். பட்டம்மாள் தள்ளி நின்று முறை சொல்லச் சொல்ல, மஞ்சள் பூசித் தண்ணீர் ஊற்றினாள். கடைசிச் செம்பு ஊற்றியதும் பெண் லேசாகிவிட்டாள். சுகரா ஒருத்தியே அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் வண்டியில் வைத்தாள்.

செய்தி கலெக்டர் கச்சேரிக்குப் போனது. வெளியாரும் தொடக்கூடாது என்று சட்டத்தைத் திருத்தினார்கள். தெருவுக்குத் தெரு பிணங்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. வேலூரிலிருந்து யானை வரவழைத்தார்கள். அது மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. இளவட்டங்கள் கல்லெடுக்கத் துடித்தார்கள். அஞ்சுமன் தலைவர் அப்துல் கஃபார் மண்டியில் கூட்டம் போட்டார்.

"கல்லெறிஞ்சா சிப்பாய்தான் வருவான், பொணம் அங்கியேதான் கெடக்கும். சர்க்காருக்கு இன்னா பயம்? சீக்கு பரவும்னுதானே? அந்த பயத்த நாம வாங்கிக்குவோம்" என்றார். குளிப்பாட்டுகிறவர்கள் பிளேக் முகாமிலேயே தங்குவது, டாக்டர் சொல்லும் மருந்துத் தண்ணீரில் கை கழுவுவது, சீக்கு ஓயும்வரை வீட்டுக்குத் திரும்பாமலிருப்பது என்று ஏற்பாடு சொன்னார். யார் போவது என்று கேட்டார்.

பெண்கள் உட்கார்ந்திருந்த திரைக்கு அப்பாலிருந்து சுகரா, "நான் போறேன், பாய்" என்றாள். அவள் மகள் வஹீதாவுக்கு அடுத்த பிறையில் நிக்காஹ் வைத்திருந்தார்கள்.

யானைக்குப் பிறகு கலெக்டருக்கும் வேறு யோசனை தோன்றவில்லை. ஒப்புக்கொண்டார். அஞ்சுமன் சொன்ன ஏற்பாடு அப்படியே சட்டத்தில் ஏறியது. சுகரா பாலாற்று மணலில் போட்ட முகாமுக்குப் போனாள்; ஆண்களைக் குளிப்பாட்ட அஞ்சுமன் ஆட்கள் இருவரும் கூடப் போனார்கள். எந்த ஜாதிப் பெண் செத்தாலும் அவளைக் கூப்பிட்டார்கள். நிக்காஹ் அவள் இல்லாமலே நடந்தது. மறுநாள் வஹீதா மணக்கோலத்தில் முகாம் வேலிக்கு வந்து நின்றாள்.

"அம்மீ, கிட்ட வரக்கூடாதாமே."

"வராட்டி இன்னா, நல்லாத்தான் தெரியிற. திரும்பி நில்லு, பின்னலப் பாக்கறேன்."

மகள் திரும்பி நின்றாள். பூவோடு சேர்த்துப் பின்னிய அந்தப் பின்னலைச் சுகரா வெகுநேரம் பார்த்தாள். வண்டிக்காரன் இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

பிளேக் ஓய்ந்தது. சுகரா வீடு திரும்பிப் பேரன் பேத்தி எடுத்தாள். சட்டங்கள் பலமுறை மாறின. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் புதிய சுகாதார விதிகள் அச்சாகி வந்தபோது, அஞ்சுமன் ஆட்கள் குளிப்பாட்டும்வரை பிணத்தை நகர்த்த முயலக்கூடாது என்ற வரியும் அதில் இருந்தது. ஏன் என்று அதிகாரிகளில் ஒருவரும் கேட்கவில்லை. சாவு வீட்டு வாசலில் வண்டிக்காரர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். "லேசாயிடுச்சா, அம்மா?" என்று ஒருவன் குரல் கொடுப்பான். ஆச்சு என்று உள்ளேயிருந்து பதில் வந்ததும் தூக்கிவர அவன் மட்டும் எழுந்து போவான்.