சத்தத்தைக் குறைத்த பிறகு

எங்கள் பிளாக்கில் என்னைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் வருத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் ஒரு குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு எலக்ட்ரிக் கிட்டார்கள் சேர்ந்து அலறினால் யாருக்குத்தான் பிடிக்கும்? நைட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்திருப்பார்கள், எழுந்து உட்கார்ந்து திட்டுவார்கள். பக்கத்து வீட்டு தனம் அக்கா காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏம்மா ப்ரியா, வீட்டுக்குள்ள மைன்ஸ் மெஷின ஓட்டுறியா?" என்று கத்துவார். நானா விடுவேன்? "உங்க வீட்டு மிக்ஸிக்கு இது பரவால்லக்கா!" என்று பதிலுக்குக் கத்துவேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போவார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை வருஷமும் என்னையும் இளம்பரிதியையும் சேர்த்து வைத்து யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. தனியாக இருக்கிற பொம்பளை வீட்டுக்குக் கல்யாணமான ஆள் ஒருவர் வாராவாரம் வந்துபோகிறார் என்றால் ஊர் சும்மா விடுமா? விட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று பிளாக் முழுக்கக் காது கிழியக் கேட்டுக்கொண்டிருந்ததே, அப்புறம் என்ன சந்தேகம்?

அப்பாவுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நிலக்கரிச் சுரங்க வேலைக்காக நெய்வேலி வந்தவர், ரிட்டயர் ஆனதும் எல்லாரையும் போலக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு ஊருக்குப் போனார். எனக்கு இங்கேயே டைம் ஆபீஸில் வேலை கிடைத்ததால் நான் தங்கிவிட்டேன். பள்ளிக்கூட நாளில் என்னோடு ராக் பேண்டில் இருந்தவர்கள் ஆளுக்கொரு தேசமாகப் போய்விட்டார்கள். கல்யாணம் கூடி வரவில்லை. அதற்கு என் வாயும் ஒரு காரணம் என்று அம்மா சொல்வாள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

இந்த டவுன்ஷிப்பில் யாரோடும் நெருங்கிப் பழகக் கூடாது. நேற்றுவரை குழம்பு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள், ரிட்டயர்மெண்ட் விருந்து போட்ட கையோடு லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அடுத்த மாதம் அதே வீட்டில் வேறு முகம் இருக்கும். இப்படியே போய்ப் போய், நாற்பதைத் தாண்டியபோது, என் வீட்டில் வந்து உட்கார்ந்து பேசுகிற மனிதர் என்று எனக்கு மிஞ்சியது பரிதி ஒருவர்தான்.

பரிதி முத்தாண்டிக்குப்பத்துக்காரர். கன்வேயர் பெல்ட் செக்ஷனில் கான்ட்ராக்ட் வேலை, திருவிழா சீசனில் லைட் மியூசிக் ட்ரூப்பில் கிட்டார். ஒரு நாள் அட்டெண்டன்ஸ் விழவில்லை என்று டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். வலதுகையில் பேனா இருந்ததால், கார்டை வாங்க நான் நீட்டிய கையைப் பார்த்துவிட்டு, வந்த வேலையை மறந்து, "மேடம், நீங்க கிட்டார் வாசிப்பீங்களா?" என்றார். இடதுகை விரல் நுனியில் இருந்த காய்ப்பைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அவருக்கு நான் மேடம், எனக்கு அவர் பரிதி. இன்றுவரை இரண்டு பக்கமும் வாங்க, போங்கதான்.

எங்களுடையது முரட்டு ராக். டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தால் ஒரு ஸ்வரம் தடித்து, கரகரத்து, நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும். அதில் ஒரு சௌகரியம் உண்டு. விரல் தடுக்கினாலும், கம்பி மாறினாலும், அந்த இரைச்சலில் யாருக்கும் தெரியாது. வாசிக்கிற நமக்கே தெரியாது.

போன மழைக்காலத்தில் பரிதி போனில் ஒரு வீடியோ கொண்டுவந்து காட்டினார். அமெரிக்காவில் எங்கேயோ ஒரு டிராக்டர் ஷெட்டில், தொப்பி போட்ட கிழவர் ஒருவர் அந்த ஊர் கிராமத்துப் பாணியில் கன்ட்ரி கிட்டார் வாசிக்கிறார். பெடலும் இல்லை ஒன்றும் இல்லை, சத்தத்தைப் பெருக்கப் பக்கத்தில் ஒரு சின்ன ஆம்ப் மட்டும்.

"என்ன பரிதி, சர்க்கஸ் கோமாளி வரும்போது வாசிக்கிற மாதிரி இருக்கு?" என்று சிரித்தேன்.

"அவசரப்படாதீங்க மேடம். நல்லா கேளுங்க. முட்டைக்குக் கேறிகினு திரியுமே கோழி, அதும் சத்தம் மாதிரியே இல்ல?"

உண்மைதான். கம்பியைச் சுண்டிய மறுகணம் விரலாலேயே அமுக்கி, கொக்... கொக்... என்று வரவழைத்துக்கொண்டிருந்தார் அந்தக் கிழவர். நான் சிரித்தபடியேதான் கேட்டேன். அப்புறம் அவர் வேகத்தைக் குறைத்தார். இரண்டு கம்பிகள் அசையாமல் ஒலித்துக்கொண்டிருக்க, மூன்றாவது கம்பியை மட்டும் மெல்ல வளைத்து மேலே கொண்டுபோனார். அழுகையை அடக்கிக்கொண்டு ஒருத்தர் பேசுவதைப் போல இருந்தது அது. என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "இன்னொரு தடவை போடுங்க" என்றேன்.

இதென்ன பெரிய வித்தை என்று கிட்டாரை எடுத்தேன். டிஸ்டார்ஷனோடு வாசித்தால் எல்லாம் சேறாகக் கலங்கியது. சரியென்று பெடலை அணைத்தேன். அய்யோ, அந்தக் கேவலத்தை என்னவென்று சொல்ல! பள்ளிக்கூடத்திலிருந்து வாசிக்கிறேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவள் நான். ஒரு வரி ஒழுங்காக வரவில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் பிறந்தவுடனே செத்தது. பிக் என்கிற சின்னத் தகட்டை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு மிச்ச விரல்களால் கம்பியைச் சுண்ட வேண்டும், எனக்கு அந்த விரல்கள் கையில் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. பரிதிக்கும் அதே கதி. இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

என் பெரிய ஆம்ப்பும் அதற்குச் சரிப்படவில்லை. பாண்டிச்சேரியில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து பரிதி பழைய வால்வ் ஆம்ப் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். பழைய ரேடியோவுக்குள் இருக்குமே, அந்த மாதிரிக் கண்ணாடி வால்வ். சூடேறக் கொஞ்ச நேரம் ஆகும். சூடேறிவிட்டால், மெல்லத் தொட்டால் தெளிவாகப் பேசும், அழுத்திச் சுண்டினால் லேசாகக் கரகரக்கும். எங்களுக்கு வேண்டிய டோன் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அந்த இடத்தைத் தேடியே பல வாரம் போனது. இரண்டு பேரும் அந்த ஒரே ஆம்ப்பில் ஒயரைச் சொருகிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம்.

இங்கேதான் நாங்கள் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தோம்.

"மேடம், ஜன்னல சாத்திடலாமா? தப்பு தப்பா வருது. வெளிய கேட்டா மானம் பூடும்" என்றார் பரிதி.

நானே எழுந்து போய் எல்லா ஜன்னலையும் சாத்தினேன். வாசல் கதவையும் தாழ்ப்பாள் போட்டேன். பத்து வருஷத்துக்கு மேலாக ஊர் காதைக் கிழித்தபோது வராத வெட்கம், ஒரு சின்ன ஸ்வரம் பிசகுவதற்கு வந்தது. வேறு எந்த நினைப்பும் எங்களுக்கு இல்லை. சத்தியமாக இல்லை.

அந்த மாதங்கள் சந்தோஷமாக இருந்தன. மெல்ல மெல்ல விரல் படிந்தது. நான் ஒரு வரி வாசிப்பேன், அவர் அதற்குப் பதில் வரி வாசிப்பார். சத்தம் குறைந்ததால் அவர் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. சனிக்கிழமையே வீட்டைப் பெருக்கித் துடைத்து வைப்பேன். திங்கட்கிழமை ஆபீஸில் யாராவது எரிச்சல் மூட்டினால்கூடக் கத்தாமல் இருந்தேன்.

தனம் அக்கா சுவருக்கு மேலே தலை நீட்டுவதை நிறுத்தியிருந்தார். அப்பாடா, நிம்மதி என்று நினைத்தேன். ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன ப்ரியா, இப்பல்லாம் உன் வீட்ல சத்தத்தையே காணோம்?"

"சத்தம் இல்லாம வாசிக்கக் கத்துக்கிட்டோம்க்கா."

"அதான் பார்த்தேன். கதவு சாத்தியிருக்கு, ஜன்னல் சாத்தியிருக்கு, அந்தத் தம்பி வண்டி மட்டும் வெளிய நிக்குது. என்னத்த வாசிக்கிறீங்களோ, எங்க யாருக்கும் கேக்கல." சொல்லிவிட்டு முன்சீட்டுப் பெண்ணைப் பார்த்து ஒரு சிரிப்பு.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "உங்களுக்குக் கேக்கணும்னா சொல்லுங்கக்கா, உங்க கட்டிலுக்கடியில வந்து உக்காந்து வாசிக்கிறேன்!" என்றேன். பஸ்ஸே சிரித்தது. ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தது என்னைத்தான்.

அடுத்த ஞாயிறு எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து வைத்தேன். "பாத்தியா, இப்பத்தான் பயம் வந்திருக்கு" என்று அதையும் பேசினார்கள். திறந்தாலும் குற்றம், சாத்தினாலும் குற்றம் என்றால் மனுஷி என்னதான் செய்வாள்? பேச்சு பிளாக்கிலிருந்து பஸ்ஸுக்கும், பஸ்ஸிலிருந்து கான்ட்ராக்ட் ஆட்கள் கேன்டீனுக்கும், அங்கிருந்து முத்தாண்டிக்குப்பத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

பரிதி டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து நின்றார். கண் கீழேயே இருந்தது.

"வூட்ல ஒரே சண்டைங்க மேடம். பொற்கொடி காதுக்குப் போயிடுச்சு. இந்த ஞாயித்துக்கெழம தானும் வரேன்னு சொல்லிகினு இருக்குது. அது வந்து பாத்துட்டு சரின்னா சரி."

"இல்லன்னா?"

"இல்லன்னா நான் எப்படிங்க வர்றது? புள்ளைங்க இருக்குது."

"தாராளமா கூட்டிட்டு வாங்க. நாம என்ன கொலையா பண்ணிட்டோம்?" என்றேன். குரல் என்னவோ தைரியமாகத்தான் வந்தது. அவர் போன பிறகு இரண்டு பேருடைய அட்டெண்டன்ஸை மாற்றிப் பதிந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமையை எடுத்துவிட்டால் என் வாரத்தில் ஒன்றுமே இல்லை. ஆபீஸ், சோறு, டிவி, தூக்கம். பரிதி வராமல் போனால் எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

பொற்கொடி ஒரு தூக்கு நிறையப் பலாச்சுளை கொண்டுவந்திருந்தார். ஒல்லியான, மெல்லிய குரலில் பேசுகிற பெண். சண்டைக்காரி ஒருத்தியை எதிர்பார்த்து நான் பதில்களை எல்லாம் தீட்டி வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. அவர் வீட்டைச் சுற்றி நோட்டம் விடவில்லை, படுக்கையறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. காபியை வாங்கிக் குடித்துவிட்டு, "வாசிங்க. கேக்கத்தான் வந்தேன்" என்றார்.

பரிதி என் பக்கம் திரும்பி, "பழைய பாட்டு ஏதாவது வாசிக்கலாமா மேடம்? டிஸ்டார்ஷன் போட்டு, சத்தமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது புத்திசாலித்தனமான கேள்வி. எனக்குத்தான் கர்வம். "வேண்டாம். மூடி மறைக்க என்ன இருக்கு? இப்ப என்ன வாசிக்கிறோமோ அதையே வாசிப்போம்" என்றேன்.

வால்வ் சூடேறியது. நான் ஆரம்பித்தேன். மெதுவான பாட்டு, நாங்களே சேர்த்துக் கட்டியது. இரண்டு கம்பிகளை ஒலிக்கவிட்டு மூன்றாவதை வளைத்து மேலே கொண்டுபோய், அங்கேயே நிறுத்தினேன். பரிதி தன் வரியோடு வந்து சேரும்வரை இறக்கவில்லை. அவர் வந்தார். மறுபடி நான் கேட்டேன், மறுபடி அவர் சொன்னார். ஒரு தப்புகூட வரவில்லை. அவ்வளவு அழகாக நாங்கள் என்றைக்கும் வாசித்ததில்லை. யாருக்காக வாசிக்க உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே நான் மறந்துவிட்டேன். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்தபோது, பொற்கொடி தன் புருஷனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்தச் சின்ன ஆம்ப்பையே பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் நான் ஆம்ப்பை அணைத்தேன்.

"நல்லா இருக்குதுங்க" என்றார் பொற்கொடி. பிறகு எழுந்து, நான் வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார். பரிதிக்கு முகமெல்லாம் தெளிந்துவிட்டது. பாஸாகிவிட்டோம் என்று நினைத்துவிட்டார், பாவம். நானும்தான். ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "நான் போய் வண்டியத் திருப்பி வெக்கிறேன்" என்று கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

பொற்கொடி வாசற்படியில் நின்றார்.

"மேடம், ஊர்ல பேசுறது பொய்யின்னு எனக்குத் தெரிஞ்சி போச்சுங்க. நீங்க தப்பான ஆளு இல்ல. இவரும் இல்ல."

"ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்றேன். நிஜமாகவே எனக்குக் கண் கலங்கியது.

"இருங்க, சொல்லிடறேன். அவரு பாட்டு வாசிக்கிறாரு. நீங்க பாட்டு வாசிக்கலீங்க. அவருகிட்ட பேசிகினு இருக்கீங்க." அவர் குரல் உயரவே இல்லை. "பழையபடி சத்தமாவே வாசிச்சிகினு இருந்திருக்கலாம்ங்க. அப்ப எதுவும் கேக்கல."

என் வாய் ஊரறிந்த வாய். தனம் அக்காவை, பஸ்ஸை, டைம் ஆபீஸில் சத்தம் போடுகிற யூனியன் ஆளை, யாரையும் விட்டு வைக்காத வாய். அது திறக்கவில்லை. கோபம் வரும், வந்தால் எதையாவது சொல்லித் தப்பிக்கலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஏனென்றால் அந்தப் பெண் சரியாகக் கேட்டிருந்தாள். எத்தனை கச்சேரி, எத்தனை ஞாயிற்றுக்கிழமை! என் கிட்டாரை முழுதாகக் கேட்ட முதல் ஆள் பொற்கொடிதான்.

"பலாச்சுளைய ஃபிரிட்ஜுல வெச்சிடாதீங்க, வாசம் எல்லாத்துலயும் ஏறிடும்" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

வண்டியில் உட்கார்ந்திருந்த பரிதி சிரித்த முகமாகக் கையை ஆட்டினார். "இன்னிக்கு டோன் சூப்பருங்க மேடம்! அடுத்த வாரம் அந்த நடு பிட்டு மட்டும் கொஞ்சம் வேகமா எடுக்கலாம்" என்றார்.

பொற்கொடி பின்னால் ஏறி உட்கார்ந்தார். நான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார்.

"இல்ல பரிதி. அடுத்த வாரம் வேண்டாம். அதுக்கப்புறமும் வேண்டாம்" என்றேன்.

அவர் முகம் விழுந்தது. என்னைப் பார்த்தார், மனைவியைத் திரும்பிப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "ஏங்க மேடம்? நான் வாசிச்சதுல எதுனா தப்பா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் தப்பில்ல" என்றேன்.

என்னெதிரே உட்கார்ந்து ஒரே ஆம்ப்பில் வாசித்த அந்த மனிதருக்கு மட்டும் கடைசிவரை கேட்கவே இல்லை.