கட்டைக் குரல்

அப்பாவின் கையிலிருந்து நழுவிய வாத்து, அவர் சட்டைப் பொத்தான் ஒன்றையும் பிய்த்துக்கொண்டு, வேலி ஓரமாக ஓடியது.

"அது பெட்டைப்பா," என்றாள் மகள்.

"எப்படிச் சொல்ற? இருக்கறதுலயே பெருசு அதுதான்."

"பெருசா இருந்தா ஆணா? முட்டை மேல உக்காந்திருந்தது அதுதான்னு நினைக்கறேன்."

"நினைக்கறியா, தெரியுமா?"

அவளுக்கும் தெரியாது. ஐந்து கூஸ் வாத்துகள். ஐந்தும் ஒரே வெள்ளை, ஒரே மஞ்சள் அலகு, ஒரே திமிர். அம்மா அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தே இது ஆண், இது பெட்டை என்று சொல்லிவிடுவாள். அந்த வீட்டில் வேறு யாரும் அதைக் கற்றுக்கொள்ள மெனக்கெட்டதில்லை.

உள்ளே கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று சாயங்காலம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவள், பிடித்த துணியை விடாமல் அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனதெல்லாம் மனசு கேட்காமல்தான்.

விடிந்ததிலிருந்து அப்பா கூடத்துப் பக்கமே போகவில்லை. வாசலில் நாற்காலி போட்டார். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். டியூப்லைட் விட்டு விட்டு எரிகிறதென்று ஸ்டூல் போட்டு ஏறினார். அந்த நேரம் பார்த்துத் தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் வந்தார். அவருக்கு ஒரு ஜோடி வாத்து இன்றைக்குத் தருவதாக அம்மா சொல்லியிருந்தாள். அது அப்பாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"இப்ப அதுவாண்ணே முக்கியம்?" என்று ரொட்டிக்கடைக்காரர் கூசிப்போனார்.

"சொன்ன நாள் தவறி ஒரு சட்டைகூட அவ தைச்சுத் தந்ததில்ல," என்று அப்பா ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார்.

இப்போது அவள் அண்ணன் கொல்லைக் கதவில் வந்து நின்றான். "உள்ள அத்தனை பேர் உக்காந்திருக்காங்க. நீங்க வாத்து பிடிச்சிட்டிருக்கீங்க. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

அப்பா வேலி ஓரம் ஓடிய வாத்தின் பின்னால் போனார்.

"நீ போண்ணா. நான் பாத்துக்கறேன்," என்றாள் அவள்.

அம்மாவைக் கொண்டுபோகும் வண்டி வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஆண், பெட்டை பார்க்க அம்மா ஏதோ வழி சொல்வாளே என்று மகள் யோசித்தாள். சட்டென்று நினைவு வந்தது.

"அப்பா, குரல வச்சுக் கண்டுபிடிக்கலாம். கீச்சுன்னு கத்தினா ஆண். கட்டைக் குரல்னா பெட்டை. 'நம்ம வீட்டுல மாதிரியே'ன்னு அம்மா சொல்லும்."

அப்பாவின் குரல் மெல்லியது. இத்தனை வருஷம் பஸ் ஓட்டியும் தடிக்காத குரல். போனில் அவர் பேசினால், "மேடம், சார் இல்லையா?" என்று கேட்பார்கள். அவர் பேசாமல் போனை அம்மாவிடம் நீட்டிவிடுவார். அவள் தன் கனத்த குரலில், "சார்தான் பேசறேன், சொல்லுங்க," என்பாள்.

"அப்படியா சொன்னா?"

"எத்தனையோ தடவை."

"எங்கிட்ட சொன்னதில்லையே."

"நீங்க கேட்டிருக்க மாட்டீங்க."

அவர் வேலியில் சாய்த்திருந்த தகரத் தடுப்பை இழுத்து நிமிர்த்தி வைத்தார்.

ஐந்தும் ஒன்றாகக் கத்தினால் எந்தக் குரல் எதனுடையது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக ஓட்டிப்போய்த் தகரத் தடுப்புக்குப் பின்னால் விட்டார்கள். தனியாக விட்டதும் கத்தத்தான் செய்தது. முதலில் போனது கட்டைக் குரல். அடுத்ததும் அப்படியே. மூன்றாவது, எண்ணெய் காணாத கதவு மாதிரி கிறீச்சிட்டது. அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. மீதி இரண்டும் கட்டைக் குரல்தான்.

கிறீச்சிட்டதைக் கூடையில் போட்டுவிட்டு, கைக்குக் கிடைத்த பெட்டையைப் பிடித்தார். கூடைக்குள்ளிருந்தது கத்த ஆரம்பித்தது. அவர் கையிலிருந்தது அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கூட்டத்தில் பின்னால் நின்ற ஒல்லியான பெட்டை ஒன்றுதான் மற்றவற்றை விட்டு விலகி வந்தது. கூடையருகே கழுத்தை நீட்டிக் கட்டைக் குரலில் என்னவோ சொன்னது. கூடைக்குள் சத்தம் அடங்கியது.

அப்பா கையிலிருந்ததைக் கீழே விட்டார்.

"எதக் குடுத்தா என்னண்ணே? எல்லாம் பெட்டைதானே," என்றார் கொல்லையில் சைக்கிளோடு காத்திருந்த ரொட்டிக்கடைக்காரர்.

"இல்லப்பா. இதுதான் அதோட ஜோடி."

துரத்த வேண்டியிருக்கவில்லை. அவர் குனிந்து தூக்கும்வரை அது நின்ற இடத்திலேயே நின்றது.

சைக்கிளில் கூடையைக் கட்டி முடிப்பதற்குள் வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணன் வேகமாக வந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வண்டி வந்துடுச்சுப்பா."

அப்பா குழாயடிக்குப் போய் முழங்கைவரை கழுவினார். சேறும் இறகும் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார். மகள்தான் குழாயை மூடினாள்.

கூடத்தில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் அம்மாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். துடைத்துக்கொள்ள யாரும் துண்டு தரவில்லை, அவரும் கேட்கவில்லை. போர்வை நனைந்துவிடாதபடி இரண்டு கைகளையும் தள்ளிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.