அப்டேட் வரும் நாள்

"ஒயரு மறுபடி பேஜாரு பண்ணுதுடி, வா" என்று அமல்ராணி போன் செய்தபோது பிரின்சிக்குச் சந்தோஷமாக இருந்தது. முகத்தில் காட்டாமல் முதலாளி ஜெகதீசனிடம் சொல்லிவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினாள்.

விழுப்புரத்தில் அவளுக்கு இருந்தவை கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடையும் வாடகை அறையும்தான். கடைக்கு வருகிறவர்கள் கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசுவார்கள். திண்டிவனத்தில் அமல்ராணி நடத்தும் ரத்தப் பரிசோதனை லேபில் மட்டும் அவளுக்கென்று ஓர் எவர்சில்வர் தட்டு உண்டு. வேலை முடிந்ததும் இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

ரத்த அணுக்களை எண்ணும் மெஷின் அங்கே பழையது. அதன் திரை செத்து வெகுநாளாகிறது. ரிசல்ட்டைக் கம்ப்யூட்டரில்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் ஒயருக்குள் இருந்த சிப்பும் பழசு. அப்டேட் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர், ஒயரை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளைத் தானாகப் புதிதாக ஏற்றிக்கொள்ளும். புது டிரைவருக்குப் பழைய சிப்பை அடையாளம் தெரியாது. பிரின்சி போய்ப் பழைய டிரைவரைத் திரும்பப் போடுவாள். அடுத்த அப்டேட் வரை ஓடும். இந்த ஒயருக்கு மட்டும் டிரைவரை மாற்றக்கூடாது என்று தடுத்துவைக்கவும் வழி இருந்தது. முதல் தடவையே அவளுக்கு அது தெரியும். செய்யவில்லை.

லேபில் ஒரு பெண், ஜுரத்தில் துவண்ட மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டெங்குவாக இருக்கலாம், தட்டணுக்களை எண்ணி வா என்று டாக்டர் அனுப்பியிருந்தார். வேறு லேபுக்குப் போகச் சொன்னாளாம் அமல்ராணி. ஏற்கெனவே ரத்தம் எடுத்தாகிவிட்டது, இன்னொரு ஊசி வேண்டாம் என்று பிள்ளை அழுததில் தாய் அங்கேயே இருந்துவிட்டாள்.

"காலையிலேந்து ஒக்காந்துகினு கீறேன் பாப்பா. எண்ணிச் சொல்ல இவ்ளோ நேரமா?" என்று அந்தத் தாய் பிரின்சியிடம் கேட்டாள்.

பிரின்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. டிரைவரை மாற்றினாள். மெஷின் முனகியபடி எண்ணி முடித்தது. கம்ப்யூட்டர் திரையில் வந்த எண் மிகவும் குறைவு. டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே அமல்ராணி தெருவில் இறங்கி ஓர் ஆட்டோவை மறித்துத் தாயையும் பிள்ளையையும் ஏற்றிவிட்டாள். பிள்ளையின் ஒற்றைச் செருப்பு பெஞ்சுக்கடியில் கிடந்தது.

பிரின்சி மறுபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். இத்தனை நாள் செய்யாததைச் செய்து முடிக்கக் கொஞ்ச நேரமே பிடித்தது.

சாப்பிடும்போது அமல்ராணி, "அடுத்த வாட்டி பச்சை மல்லாட்டை வாங்கித் தோலோட அவிச்சி வைக்கிறேன். இந்த ஒயருதான்டி நமக்குக் கூட்டாளி" என்றாள்.

"இனிமே பேஜாரு பண்ணாதுக்கா."

"பண்ணாதா?"

பிரின்சி தலையாட்டினாள். சும்மா வரட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது.

அமல்ராணி தட்டுகளைக் கழுவி எடுத்துவந்தாள். தன் தட்டை அலமாரியில் கவிழ்த்தாள். பிரின்சியின் தட்டைத் துடைத்த பிறகும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.