டெங்கிலில் ஒரு குளிர்காலம்

இதனால் சகலருக்கும், இரண்டு கால் உள்ளவர்களுக்கும் நாலு கால் உள்ளவர்களுக்கும், அறிவிக்கப்படுவது யாதெனில்: எந்தப் பேரரசரும் எண்ணிப் பார்க்காத, எந்த விஞ்ஞானியும் தொடத் துணியாத அரும்பெரும் காரியம் ஒன்று, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், டெங்கிலில், செம்பனைத் தோட்டத்துக்கும் லோரி நிறுத்தும் இடத்துக்கும் நடுவே நிகழவிருக்கிறது. மங்கோலியப் புல்வெளியின் மனுல் என்னும் காட்டுப் பூனை மலேசிய மண்ணில் குட்டி போடப்போகிறது. வரலாறு பேனாவைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும்.

அறிவித்தவர் அரண்மனைப் பட்டம் பெற்ற டத்தோ ராதாகிருஷ்ணன். லோரிகளில் சம்பாதித்ததை விலங்குப் பூங்காவில் போட்டு, அதற்கு ராதா வனம் என்று பெயரும் வைத்தவர். தீபாவளிக்கு முந்தைய வாரம் பட்டு ஜிப்பாவில் வந்து, விருந்துச் சோறு ஆறிப்போய், காண்டீன் பூனை வந்து அதை முகர்ந்து பார்க்கும்வரை மைக்கை விடாமல் பேசினார். கண்ணாடிக்குப் பின்னால் மனுல் ஜோடி அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. மனுல் வீட்டுப் பூனை அளவுதான். ரோமத்தைச் சேர்த்தால் சோபா மெத்தை. முகத்தில் மட்டும், வரிசையில் கால் கடுக்க நின்ற பிறகு கவுண்டரை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பென்ஷன்காரரின் பாவனை எப்போதும் இருக்கும்.

கைதட்டாமல் நின்ற ஒரே ஆள் டாக்டர் மகதலேனா. கிள்ளானில் ரயில்வே குடும்பத்தில் பிறந்து, காட்டுப் பூனைகளின் இனப்பெருக்கத்தைப் படித்துப் பட்டம் வாங்கி, பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவள். மனுலைப் பற்றி எழுதியிருக்கிறாளே தவிர, அது குட்டி போட்டு ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. ஜோடியை இரவல் கொடுத்த ஜெர்மன் விலங்கியல் பூங்கா ஒரே ஒரு பருவம் தவணை கொடுத்திருந்தது. இந்தக் குளிர்காலத்தில் சேராவிட்டால் பூனைகள் விமானம் ஏறிவிடும். பூனை போனால் பூனை டாக்டருக்கும் அங்கே வேலை இல்லை.

சிக்கல் குளிர்காலத்தில் இருந்தது. டெங்கிலில் அது கிடையாது. வருஷம் முழுக்கப் பகலும் இரவும் சரிபாதி. பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிக்கிற சிறுத்தைப் பூனைக்கு அதனால் நஷ்டமில்லை, எந்த மாதமும் அதற்கு நல்ல மாதம்தான். மனுல் அப்படியல்ல. அது வெளிச்சத்தைக் கணக்கு வைக்கிற பிராணி. பகல் சுருங்கிச் சுருங்கி, பிறகு மெல்ல நீள ஆரம்பித்தால்தான் அதன் உடம்புக்குச் சேதி போகும். ஆணுக்கு விந்து ஊறுவது அந்தச் சில மாதங்களில்தான், மற்ற மாதங்களில் அது பெயரளவில் ஆண். பெண் அதைவிடக் கறார். ஒன்றிரண்டு நாள்தான் சம்மதிக்கும். தவறவிட்டால் அடுத்த வருஷம் வா என்றுவிடும்.

ஆகவே மகதலேனா ஏர்கோன் அறைக்குள் ஒரு மங்கோலியாவைக் கட்டியிருந்தாள். விளக்குகள் டைமரில் எரிந்து அணைந்தன. பெண் பூனையின் இறைச்சியில் கேக்குக்குத் தூவும் மினுக்குத் தூளைக் கலந்து வைப்பாள். காலையில் எந்தக் கழிவு மினுக்குகிறதோ அது பெண்ணுடையது. அதை எடுத்துப்போய் ஹார்மோன் அளவு பார்ப்பாள். படித்த படிப்புக்குக் கிடைத்த வேலை இது என்று அவள் அம்மா சர்ச்சில் யாரிடமும் சொன்னதில்லை.

உள்ளே எல்லாம் சரி. வெளியேதான், தீபாவளிக்காகப் பராமரிப்பாளர் இராமலிங்கம் கூரை முழுக்க, அணைந்து அணைந்து எரியும் லிப்லாப் லைட் கட்டியிருந்தார். சிவப்பும் பச்சையும் ராத்திரி முழுக்கக் கண்ணாடி வழியாகக் கொட்டின. உள்ளே டிசம்பர், வெளியே திருவிழா. இரண்டுக்கும் நடுவில் பூனைகள் விழித்துக் கிடந்தன. கண்ணாடிக்குத் திரை போடலாம் என்றால், டத்தோவின் பெயர்ப்பலகை அந்தக் கண்ணாடிக்கு மேலேயே இருந்தது, திரை அதையும் மறைத்துவிடும்.

தீபாவளி முடிந்ததும் லைட்டைக் கழற்றச் சொன்னாள். உயரத்துக்கு ஸ்கைலிஃப்ட் வாடகைக்கு எடுக்க வேண்டும், டத்தோவைக் கேட்க வேண்டும் என்றார் இராமலிங்கம். கழற்ற வேண்டாம், சுவிட்சை அணைத்தாலே போதும் என்றாள். அதற்கும் டத்தோவைக் கேட்க வேண்டுமாம். டத்தோ அவளை அலுவலகத்துக்கு அழைத்து, நாற்காலி காட்டி, மிகுந்த பெருந்தன்மையோடு பேசினார்.

"டாக்டர், தீபாவளிக்கு எரிஞ்சிச்சு. இப்ப உங்க பெருநாள் வருது. இந்த நேரத்துல அணைச்சா, கிறிஸ்துவங்களுக்கு ராதாகிருஷ்ணன் லைட் போடமாட்டான்னு பேராயிடும். அது எனக்கு வேணாம்லா."

தனக்கு ஆட்சேபணையே இல்லை, பைபிளில் லிப்லாப் லைட்டைப் பற்றி ஒன்றுமில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் கிள்ளானிலிருந்து அம்மாவின் பாடகர் குழுவை டத்தோ கேரல் பாட அழைத்துவிட்டிருந்தார். மகள் வேலை செய்யும் இடம் கிறிஸ்மஸுக்கு ஜொலிக்கிறது என்று அம்மா சர்ச் பங்கு மக்கள் எல்லாரிடமும் சொல்லியும் விட்டாள். கழிவு பொறுக்கும் மகளைப் பற்றி வாய் திறக்காதவள், முதல்முறையாகப் பெருமைப்பட்டாள். அதை அணைக்க மகதலேனாவுக்கு மனசு வரவில்லை. பெருநாளுக்கு மறுநாள்வரை என்று ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் அவளே போய் சுவிட்சை அணைத்தாள். இராமலிங்கம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் முடிந்த உதவி அதுதான்.

இருட்டு வந்தது. பூனைகள் தூங்கின. பொங்கல் கழிந்தபோது ஆண் பூனை எழுந்து, கண்ணாடியில், சரியாக டத்தோவின் பெயர்ப்பலகைக்கு நேர் கீழே, வாலைத் தூக்கி, பருவம் வந்த ஆணின் அடையாளமாக மூத்திரத்தைப் பீய்ச்சியடித்தது. மகதலேனா கண் கலங்கினாள். கழிவிலும் ஹார்மோன் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் சில வாரம் இருட்டு இப்படியே இருந்தால் பெண்ணும் சம்மதிக்கும்.

கறையைப் பார்த்த டத்தோ காரணம் கேட்டார். சந்தோஷத்தில் இருப்பவர்கள் செய்யும் தவறை அவளும் செய்தாள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆண் தயார், பெண் சீக்கிரம் தயாராகும், எல்லாம் இந்த இருட்டால்தான் என்றாள். டத்தோ முதல் இரண்டை மட்டும் கேட்டுக்கொண்டார்.

சனி, ஞாயிறு அவள் கிள்ளானில் அம்மா வீட்டில் இருந்தாள். திங்கள் காலை வந்தபோது கூண்டின் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருந்தது. கண்ணாடிக்கு மேலே மாவிலைத் தோரணம். லிப்லாப் போதாதென்று இரண்டு பெரிய ஸ்பாட் லைட், நேராக உள்ளே பார்த்தபடி. மேளத்தையும் ஏற்பாடு செய்திருந்தார்களாம், உள்ளூர்க் குழுவுக்கு வேறு கல்யாணம் இருந்ததால் பூனைகள் தப்பின.

"சனிக்கிழமை ராத்திரியிலேர்ந்து எரியுது, டாக்டர்," என்றார் இராமலிங்கம் தரையைப் பார்த்து. "நான் சொன்னேன். கல்யாண வீடு இருட்டாவா இருக்கும்னு டத்தோ கேட்டாரு. நான் என்னத்த சொல்ல?"

தமிழன் கல்யாணத்தில் தாலி மறந்தாலும் மறப்பான், லைட் மறக்கமாட்டான். டத்தோவுக்குப் பூனைகள்மேல் உண்மையிலேயே பாசம். தன் மகன் கல்யாணத்துக்குச் செய்ததை அவற்றுக்கும் செய்திருந்தார்.

அணைக்கச் சொல்லிப் போய் நின்றாள். தைப்பூசம் வருகிறது என்றார். தைப்பூசம் போனதும் சீனப் பெருநாள் வந்தது, லோரி வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் சீனர்கள், கூரையில் சிவப்பு விளக்குகளும் சேர்ந்தன. அது முடிவதற்குள் நோன்பு மாதம் தொடங்கி, ஹரிராயா வந்தது. மூன்று இனத்துக்கும் எரிந்த விளக்கை நான்காவது இனத்துக்கு அணைத்தால் நாடு என்னாவது என்று டத்தோ கேட்டபோது, மலேசியா முழுவதும் அவர் தோளில் நிற்பதுபோல் இருந்தது.

ஆண் பூனை பிப்ரவரியிலேயே மறுபடி பெயரளவுக்கு வந்துவிட்டது. பெண் எழுந்திருக்கவே இல்லை. மினுக்குத் தூள் மட்டும் தவறாமல் மினுக்கியது. மார்ச் முடிந்தது, மங்கோலியாவிலும் பருவம் முடிந்தது.

ஜெர்மன்காரர்கள் பூனைகளைத் திரும்பக் கேட்டார்கள். டத்தோ விசாரணைக் குழு ஒன்று அமைத்தார். வெளிநாட்டுப் பூனைக்கு நம் நாட்டுச் சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அது கண்டுபிடித்தது. குழுத் தலைவர் டத்தோவின் மைத்துனர்.

கடைசி நாள் மகதலேனா தன் சாமான்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தபோது, காலிக் கூண்டின் மேல் லைட் எரிந்துகொண்டிருந்தது. இராமலிங்கம் பெட்டியை வாங்கிக் காரில் வைத்தார்.

"இப்பவாச்சும் அணைக்கலாமே, அண்ணே."

"அடுத்து வெசாக் பெருநாள் வருது, டாக்டர்."

காய்ந்த வாழைமரங்களைக் கூண்டுக்குப் பின்னால் குவித்திருந்தார்கள். அந்தக் குவியலுக்குள் ஏதோ கீச்சிட்டது. மகதலேனா குனிந்து பார்த்தாள். வீட்டுப் பூனைக்கு வெளிச்சம் நீள நீளப் பருவமும் நீளும் என்பது அவளுக்குத் தெரிந்த பாடம்தான்.

குட்டி போட்டிருந்தது காண்டீன் பூனை.